வெங்காயச் சருகின் மஞ்சள்

வெங்காயம் உரிக்கும்போது கையோடு உதிரும் காய்ந்த மேல்தோலை நான் எறிவதில்லை. ஒரு துணிப்பையில் சேர்த்து வைக்கிறேன். பை நிறைந்ததும் பெரிய பாத்திரத்தில் நீர் வைத்து, சருகு முழுவதையும் அதில் கொட்டி, ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்க விடுகிறேன். முதல் பத்து நிமிடங்களில் நீர் சிவக்கும். பிறகு அடர்ந்து, பாத்திரத்தின் விளிம்பில் மட்டும் மஞ்சள் தெரிகிற பழுப்பாகும். வடிகட்டிய அந்தச் சாற்றைச் சற்று ஆறவிட்டு, முந்தைய இரவே படிகார நீரில் ஊறவைத்துப் பிழிந்த பட்டுத் துண்டு ஒன்றை அதில் அமிழ்த்தினால், துணி சாற்றின் நிறத்தை வாங்கிக்கொள்வதில்லை. பழுப்பு நீருக்குள்ளிருந்து பொன்மஞ்சளாக எழுந்து வருகிறது. படிகாரம் காணாத துண்டை அதே சாற்றில் அதே நேரம் வைத்திருந்தால் கிடைப்பது மங்கலான செம்பழுப்புதான். துரு ஆணிகளை வினிகரில் ஊறவைத்து இறுத்த நீரில் நனைத்த மூன்றாவது துண்டோ, பாசி படிந்த கல்லின் பச்சையில் வெளிவருகிறது.

மூன்றையும் கொடியில் அடுத்தடுத்துத் தொங்கவிட்டால், பார்ப்பவர்கள் மூன்று வேறு சாயங்கள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மூன்றிலும் முதன்மையாக வேலை செய்வது ஒரே சேர்மம். அதன் பெயர் குவெர்செடின். இன்று அந்தப் பெயரைப் பெரும்பாலானோர் அறிவது சத்து மாத்திரைப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில்தான். ஒவ்வாமை, இதயம், மூட்டு, முதுமை என்று அந்தச் சீட்டில் இடம்பெறாத உபாதை குறைவு. நான் சில ஆண்டுகள் ஆய்வகத்தில் இந்தச் சேர்மத்தோடு பழகியவன். அங்கு அதனிடம் ஏமாந்தவன் என்றும் சொல்லலாம். புட்டியில் எழுதியிருக்கும் பெருமைகளும் கொடியில் தொங்கும் துணியும் எப்படி ஒரே மூலக்கூறிலிருந்து புறப்பட்டன என்பதையும், இவற்றில் எதை நம்பலாம் என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் எழுதிப் பார்க்கிறேன்.

குவெர்செடின் ஃபிளவனாய்டு என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பப் பெயரே மஞ்சளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 15 கார்பன், 10 ஹைட்ரஜன், 7 ஆக்சிஜன் அணுக்கள். மூலக்கூறு எடை ஏறத்தாழ 302. இரண்டு பென்சீன் வளையங்கள், அவற்றை இணைக்கும் ஆக்சிஜன் கொண்ட மூன்றாவது வளையம், மொத்தத்தில் ஏறக்குறையத் தட்டையான ஒரு தகடு என்று கற்பனை செய்துகொள்ளலாம். அந்தத் தகட்டின் விளிம்பில் ஐந்து இடங்களில் ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணைகள், ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதன் வேதியியல் குணங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஐந்தும்தான் தீர்மானிக்கின்றன. அவற்றில் ஒன்றை நீக்கினால் அது கெம்ப்ஃபெரால். ஒன்றைக் கூட்டினால் மிரிசெட்டின். ஒன்றின் மேல் ஒரு மெத்தில் தொகுதியை ஏற்றினால் ஐசோராம்னெட்டின். பெயர்கள் மாறுமளவுக்குக் குணங்களும் மாறுகின்றன. தூய நிலையில் குவெர்செடின் மஞ்சள் நிறப் பொடி; கசக்கும்; நீரில் கரையவே மறுக்கும்; சூடான சாராயத்திலும் காரநீரிலும் கரையும். நீரில் கரையாத இந்தப் பிடிவாதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எல்லாச் சிக்கல்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. நடு வளையத்தில் ஓர் ஆக்சிஜனும் அதன் அருகிலேயே ஹைட்ராக்சில் தொகுதியும் கிடுக்கியின் இரு நுனிகள்போல அமைந்திருப்பதால், அலுமினிய அயனியை அவை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அலுமினியத்தின் இன்னொரு பக்கம் பட்டு இழையோடு பிணைந்திருக்கிறது. இப்படி இழைக்கும் சாயத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் கட்டுவதால்தான் படிகாரத்தை நிறமூன்றி என்கிறார்கள். பிடிபட்ட கணத்தில் மூலக்கூறு உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் நீண்டு, வெளிறிய மஞ்சள் அடர் மஞ்சளாகிறது. அலுமினியத்துக்குப் பதிலாக இரும்பு வந்தால் பாசிப்பச்சை. ஆய்வகத்திலும் ஒரு சாற்றில் மொத்த ஃபிளவனாய்டு எவ்வளவு என்று அளக்க அலுமினியக் குளோரைடைச் சேர்த்து மஞ்சளின் அடர்த்தியைப் பார்ப்பதே வழக்கம். சாயத்தொட்டியில் நடப்பதும் அளவைக் குப்பியில் நடப்பதும் ஒரே வினை என்று எனக்குப் புரிந்த நாளில்தான் இந்தச் சேர்மத்தின் மீது எனக்கு உண்மையான பிரியம் ஏற்பட்டது.

பெயரும் சாயத்தோடு தொடர்புடையதுதான். குவெர்கஸ் என்பது கருவாலி மரத்தின், அதாவது ஓக் மரத்தின் லத்தீன் பெயர். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் கருப்பு ஓக் மரத்தின் உட்பட்டையை உலர்த்திப் பொடித்தால் கிடைக்கும் மஞ்சள் சாயத்தைக் குவெர்சிட்ரான் என்றார்கள். அதை இங்கிலாந்தின் சாயத் தொழிலுக்குக் கொண்டு சேர்த்தவர் எட்வர்டு பான்கிராஃப்ட். 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டத்தின் மூலம் அந்தச் சாயத்தின் மீதான ஏகபோக உரிமையை அவருக்கு வழங்கியது. இந்த மனிதரின் மற்றொரு தொழில் இன்னும் சுவாரசியமானது. அமெரிக்க விடுதலைப் போரின்போது பாரிஸில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் தூதுக்குழுவுக்கு நெருக்கமாக இருந்துகொண்டே அவர் பிரிட்டனுக்கு உளவு சொன்னார். கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதிய செய்திகளைப் புட்டியில் அடைத்து, துயிலரி பூங்காவின் ஒரு மரப்பொந்தில் வைத்துவிட்டு வருவாராம். நிறம் தரும் பட்டையை விற்றவர் நிறமே தெரியாத மையில் எழுதிய இந்த விஷயம் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தே வெளியே வந்தது.

அந்தப் பட்டையில் குவெர்செடின் தனியாக இல்லை. ராம்னோஸ் என்னும் சர்க்கரையைச் சுமந்துகொண்டு குவெர்சிட்ரின் என்ற வடிவில் இருக்கிறது. அமிலத்தில் கொதிக்கவைத்தால் சர்க்கரை கழன்றுவிழ, எஞ்சுவதுதான் குவெர்செடின். 1857 முதல் இந்தப் பெயர் புழக்கத்தில் இருக்கிறது. தாவரங்களில் இந்தச் சேர்மம் பெரும்பாலும் இப்படித்தான் ஏதாவது ஒரு சர்க்கரையுடன் சேர்ந்து காணப்படுகிறது. எந்தச் சர்க்கரை, மூலக்கூறின் எந்த இடத்தில் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். பக்வீட் செடியிலும் அருவதாச் செடியிலும் இருக்கும் ரூட்டின் என்பதும், ஐசோகுவெர்சிட்ரின் என்பதும் குவெர்செடினின் சர்க்கரை சுமந்த உருவங்களே. சர்க்கரை ஏறினால்தான் அது நீரில் கரையும். கரைந்தால்தான் செடி அதைத் தன் செல்களுக்குள் இருக்கும் நீர்ப்பைகளில் சேமிக்க முடியும்.

செடிக்கு இது எதற்கு என்ற கேள்வி மாத்திரைச் சீட்டுகளில் வருவதே இல்லை. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். செடி இதை ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து தொடங்கி, படிப்படியாகப் பல நொதிகளைக் கொண்டு செய்கிறது. இவ்வளவு செலவு செய்து செய்வதற்குக் காரணம் இருக்கும். முதல் காரணம் வெயில். புற ஊதாக் கதிர்களை நன்றாக உறிஞ்சும் இந்த வகைச் சேர்மங்களைச் செடி தன் இலையின், பழத்தின் வெளித்தோலில் நிரப்பி வைக்கிறது. உள்ளே ஒளிச்சேர்க்கை நடத்தும் செல்களுக்கு அது நிழற்கூரை. ஆப்பிளில் குவெர்செடின் ஏறத்தாழ முழுவதும் தோலிலேயே இருப்பதும், வெயில் பட்ட பக்கத்தில் கூடுதலாக இருப்பதும் இதனால்தான். தோலைச் சீவி எறிபவர் அதையும் சேர்த்தே எறிகிறார். இரண்டாவது காரணம் இனப்பெருக்கம். ஃபிளவனாய்டு செய்யும் பாதையின் முதல் நொதியை இழந்த பெட்டூனியா, மக்காச்சோளச் செடிகளின் மகரந்தம் முளைக்காமல் மலடாகிப்போகிறது. அந்த மகரந்தத்துக்கு இதே வகையைச் சேர்ந்த கெம்ப்ஃபெராலை மிகச் சிறிய அளவு வெளியிலிருந்து கொடுத்தால் மீண்டும் குழாய் விட்டு வளர்கிறது.

வெங்காயத்தின் கதை இவற்றினும் நுட்பமானது. சதைப்பற்றுள்ள உள்ளிதழ்களில் குவெர்செடின் குளுக்கோஸைச் சுமந்தபடி இருக்கிறது. வெளியிதழ் காயத் தொடங்கியதும் அந்தக் குளுக்கோஸ் கழன்று, குவெர்செடின் தனித்து நிற்கிறது. அதன் பிறகு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து புரோட்டோகேட்டிக்குயிக் அமிலம் போன்ற சிறு துண்டுகளாக உடைகிறது. சருகின் பழுப்பு நிறம் அந்தச் சிதைவின் அடையாளம். வெங்காயத் தோலில் கரும்புள்ளிகளை உண்டாக்கும் ஒரு பூஞ்சைக்கு இந்தத் துண்டுகள் நஞ்சு. நிறமுள்ள வெங்காயங்கள் அந்த நோயைத் தாங்குவதும் வெள்ளை வெங்காயம் அதற்கு எளிதில் இரையாவதும் கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே கண்டறியப்பட்ட செய்தி. வெள்ளை வெங்காயத்தில் குவெர்செடின் மிகச் சொற்பம். சாயம் காய்ச்சவும் அது உதவாது. ஆக, நாம் கழித்துப் போடும் சருகு வெங்காயத்தின் கேடயம். சேர்மம் தான் சிதைவதன் மூலமே செடியைக் காப்பாற்றுகிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் இதே சிதைவு என் காலை வாரியது.

மருத்துவத்தில் ஃபிளவனாய்டுகள் பேர் வாங்கியது 1936இல். வைட்டமின் சி பற்றிய பணிக்காகப் பெரிதும் அறியப்பட்டு அடுத்த ஆண்டே நோபல் பரிசு பெறவிருந்த ஹங்கேரிய அறிவியலாளர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியும் அவருடன் பணியாற்றியவர்களும், எலுமிச்சைச் சாற்றிலும் மிளகாயிலும் உள்ள ஃபிளவனாய்டுகள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் கசிவைக் குறைப்பதாக அறிவித்து, அவற்றை வைட்டமின் பி என்று அழைத்தனர். இது அரிசித் தவிட்டில் உள்ள பி வைட்டமின் வரிசை அன்று. ஊடுருவுதன்மை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுவது தொல்லைதான். பற்றாக்குறை நோய் ஒன்றைக் காட்ட முடியாததால், 1950 வாக்கில் அந்த வைட்டமின் பட்டம் பறிக்கப்பட்டது. ஃபிளவனாய்டு சாப்பிடாவிட்டால் இன்ன நோய் வரும் என்று இன்றுவரை எவரும் காட்டவில்லை. புட்டிச் சீட்டைப் படிக்கும்போது நான் முதலில் நினைத்துக்கொள்வது இதைத்தான்.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் அமைதி. இடையில் 1977இல் வந்தது கெட்ட செய்தி: பாக்டீரியாவின் மரபுப் பொருளில் மாற்றங்களைத் தூண்டுகிறதா என்று பார்க்கும் ஏம்ஸ் சோதனையில் குவெர்செடின் தூண்டுகிறது என்று தெரிந்தது. தீவனத்தில் 4 சதவீதம் வரை கலந்து இரண்டு ஆண்டுகள் எலிகளுக்கு ஊட்டிய அமெரிக்க அரசுச் சோதனையில் ஆண் எலிகளின் சிறுநீரகத்தில் கட்டிகள் கூடின. மற்ற விலங்குச் சோதனைகள் பெரும்பாலும் இதை ஆதரிக்கவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1999இல் சான்றுகளை மீண்டும் அலசி, மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை குறித்து வகைப்படுத்த இயலாதது என்னும் 3ஆம் பிரிவிலேயே இதை வைத்தது. ஒரு காலத்தில் புற்றுநோய் தருமோ என்று அஞ்சப்பட்ட பொருள் இன்று புற்றுநோயைத் தடுக்கும் என்று விற்கப்படுகிறது. இரண்டுக்கும் பாதி ஆதாரம் கண்ணாடித் தட்டுகளிலிருந்துதான் வந்தது.

நல்ல செய்தி 1993இல் நெதர்லாந்தின் சுட்ஃபென் நகரிலிருந்து வந்தது. 65 முதல் 84 வயது வரையிலான 805 ஆண்களின் உணவைக் கணக்கெடுத்து ஐந்து ஆண்டுகள் தொடர்ந்ததில், ஃபிளவனாய்டை அதிகம் உண்ட மூன்றில் ஒரு பங்கினரிடையே இதயநோய் மரணம், குறைவாக உண்டவர்களோடு ஒப்பிடும்போது பாதிக்கும் குறைவாக இருந்தது. மொத்தக் குழுவும் சராசரியாக உட்கொண்டது நாளொன்றுக்கு 26 மில்லிகிராம். அதில் பெரும்பகுதி குவெர்செடின். தேநீர், வெங்காயம், ஆப்பிள் மூன்றும் அதன் முக்கிய ஊற்றுகள். உலகமே திரும்பிப் பார்த்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே முதன்மை ஆய்வாளரின் குழு வேல்ஸ் நாட்டின் கேர்ஃபில்லியில் ஆண்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது அந்தப் பாதுகாப்பைக் காண முடியவில்லை. அங்கே ஃபிளவனாய்டு பெரும்பாலும் தேநீரிலிருந்து வந்தது. தேநீர் அதிகம் குடித்தவர்களின் வாழ்க்கை முறை வேறாக இருந்திருக்கலாம்; உணவைக் கணக்கெடுக்கும் ஆய்வுகளில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. வெங்காயமும் ஆப்பிளும் நிறைய உண்பவர் வேறு எதையெல்லாம் செய்கிறார், எதையெல்லாம் தவிர்க்கிறார் என்பதைக் கணக்கிலிருந்து முழுவதும் கழித்துவிட முடியாது. ஆயினும் முதல் செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது பரவவில்லை.

என் அனுபவத்துக்கு வருகிறேன். வளர்ப்புச் செல்களின் மேல் இயற்கைச் சேர்மங்களைச் சோதித்துப் பார்க்கும் ஓர் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுக்கப்பட்டது குவெர்செடின். நீரில் கரையாது என்பதால் டைமெத்தில் சல்பாக்சைடில் கரைத்து, செல்கள் வளரும் ஊட்டநீரில் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) அளவுக்குச் சேர்ப்பேன். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், தட்டின் அடியில் பரவிக் கிடந்த புற்றுச் செல்கள் உருண்டு, சுருங்கி, பிடி விட்டு மிதந்துகொண்டிருக்கும். அளவைக் கூட்டினால் சாவும் கூடியது. வரைபடம் அச்சில் ஏற்றலாம் போல அழகாக வந்தது. ஐந்து மாதங்கள் அந்த வரைபடத்தை மெருகேற்றினேன்.

ஒரு காலை, முந்தைய மாலை மறதியாகச் செல்லே இல்லாத தட்டு ஒன்றிலும் குவெர்செடினை ஊற்றி 37 பாகை அடைகாப்பானில் வைத்துவிட்டிருந்ததைக் கண்டேன். ஊற்றும்போது தெளிந்த மஞ்சளாக இருந்த நீர் காலையில் கலங்கிய பழுப்பாகியிருந்தது. அருகில் நின்ற மூத்த ஆய்வாளர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே செல்லே இல்லையே, பிறகு இதை யார் தின்றார்கள்?" என்று மட்டும் கேட்டார். யாரும் தின்னவில்லை. சற்றே காரத்தன்மையுள்ள, ஆக்சிஜன் நிறைந்த ஊட்டநீரில் குவெர்செடின் சில மணி நேரத்துக்குள் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைகிறது. அப்படிச் சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. வெங்காயச் சருகில் நடக்கும் அதே காரியம் என் தட்டில் நடந்திருக்கிறது. பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்னும் நொதியைச் சேர்த்துச் சோதனையை மீண்டும் செய்தபோது செல்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. என் செல்களைக் கொன்றதில் பெரும் பங்கு, நான் ஆராய்வதாக நினைத்த பொருளுக்கு உரியதன்று. அது அழியும்போது விட்டுச் சென்ற பெராக்சைடுக்கு உரியது. பாலிஃபீனால்கள் ஊட்டநீரில் இப்படிப் பெராக்சைடை உண்டாக்கும் என்பது 2000ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்திருந்தது. நான்தான் படிக்கவில்லை.

புட்டிச் சீட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி (ஆன்டிஆக்சிடன்ட்) என்ற பட்டத்துக்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. ஒரு பக்க வளையத்தில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும். எதிரில், இணை சேராத எலக்ட்ரானோடு அலையும் தனியுறுப்பு ஒன்று இருந்தால் அதற்குக் கொடுத்து அடக்கும். வெறும் ஆக்சிஜன் இருந்தால் அதற்குக் கொடுத்துப் பெராக்சைடுக்கு வழி செய்யும். ஆக்சிஜனேற்றத்தை எதிர்ப்பதற்கும் அதைத் தூண்டுவதற்கும் காரணம் ஒரே தாராள மனம்தான். இதோடு, கரையாத இந்த மூலக்கூறுகள் நீரில் கூடிக் கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகத் திரண்டு, எதிர்ப்படும் புரதங்களை எல்லாம் மேலே ஒட்டிக்கொண்டு செயலிழக்கச் செய்யவும் கூடும். எனவே ஒரு நொதியைக் குவெர்செடின் தடுக்கிறது என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது, எத்தனை மைக்ரோமோலாரில் என்ற கேள்வியை முதலில் கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

ஏனென்றால் உடலுக்குள் போவது மிகக் குறைவு. 1970களில் தன்னார்வலர்களுக்கு ஒரே தவணையில் 4 கிராம் குவெர்செடினை விழுங்கக் கொடுத்துவிட்டு இரத்தத்தில் தேடியபோது, அளக்கும்படியாக எதுவும் அகப்படவில்லை. பெருங்குடல் அகற்றப்பட்டவர்களிடம் 1995இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு வேறொரு புதிரைப் போட்டது. வெங்காயத்தில் குளுக்கோஸ் சுமந்து வரும் குவெர்செடின் 52 சதவீதமும், தனித்த தூய குவெர்செடின் 24 சதவீதமும், ரூட்டின் 17 சதவீதமும் உறிஞ்சப்பட்டன. சர்க்கரை சேர்ந்தது குடலில் உறிஞ்சப்படாது என்று அதுவரை நம்பியிருந்தவர்கள் விழித்தார்கள். விளக்கம் பிறகு வந்தது: சிறுகுடலின் உட்சுவரில், பாலின் சர்க்கரையை உடைக்கும் அதே நொதி, குவெர்செடினின் முதுகிலிருக்கும் குளுக்கோஸையும் வாசலிலேயே கழற்றிவிடுகிறது. கழன்ற மூலக்கூறு அங்கேயே, செல்லை ஒட்டியே நிற்பதால் எளிதில் உள்ளே போய்விடும். ரூட்டினின் சர்க்கரையை அந்த நொதிக்கு உடைக்கத் தெரியாது; பெருங்குடல் பாக்டீரியாக்களிடம் போய்ச் சேரும்வரை அது காத்திருக்க வேண்டும். வெங்காயம் உண்டவர் இரத்தத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் உச்சம். ரூட்டின் விழுங்கியவருக்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். ஒரு சர்க்கரையின் வேறுபாடு ஒரு பகற்பொழுதின் வேறுபாடாகிறது.

உள்ளே போன பிறகும் கதை முடிவதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் இதை வேண்டாத விருந்தாளியாகவே நடத்துகின்றன. எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும் அந்த ஹைட்ராக்சில் தொகுதிகளின் மேலேயே குளுக்குரோனிக் அமிலத்தையும் சல்ஃபேட்டையும் மெத்திலையும் ஏற்றி, கை கட்டி, வெளியேற்ற ஆயத்தம் செய்கின்றன. இரத்தத்தில் ஓடுவது இப்படிக் கைகட்டப்பட்ட உருவங்கள். என் தட்டில் நான் ஊற்றிய தனித்த குவெர்செடின் அங்கே இல்லையென்றே சொல்லலாம். அந்த உருவங்களை எல்லாம் கூட்டினாலும், சாதாரண உணவுக்குப் பின் ஒரு மைக்ரோமோலாரைத் தாண்டுவது அரிது. நான் ஊற்றியதோ ஐம்பது. 2001இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கதிரியக்கக் கார்பனால் குறியிட்ட குவெர்செடினைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து அந்தக் கார்பன் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்ததில், ஆளுக்கு ஆள் மாறுபட்டு, 23 முதல் 81 சதவீதம் வரை கார்பன் டைஆக்சைடாக மூச்சில் வெளியேறியது. விழுங்கியதில் பெரும்பகுதியை மனிதர்கள் ஊதித் தள்ளிவிடுகிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, குவெர்செடினால் உடலில் எதுவும் நடப்பதில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2007இல் அமெரிக்காவில், நாளொன்றுக்கு 730 மில்லிகிராம் வீதம் 28 நாள் கொடுத்த கட்டுப்படுத்தப்பட்ட சோதனையில், முதல் நிலை இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு 7 புள்ளியும் கீழ் அளவு 5 புள்ளியும் குறைந்தன. அழுத்தம் சற்றே கூடுதலாக மட்டும் இருந்தவர்களுக்குக் குறையவில்லை. பின்னர் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சராசரியாக 3 புள்ளி அளவுக்குக் குறைவதாகவும், அதுவும் 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்த சோதனைகளிலேயே தெளிவாகத் தெரிவதாகவும் சொன்னார்கள். நூறு கிராம் சிவப்பு வெங்காயத்தில் சுமார் 30 மில்லிகிராம், தோலுடன் கூடிய ஆப்பிளில் சுமார் 4 மில்லிகிராம், மிக அதிகமாகக் கொண்டதென்று பேர்பெற்ற கேப்பர் மொட்டில் 230 மில்லிகிராம் என்ற கணக்கில் பார்த்தால், 500 என்பது உணவால் எட்டும் அளவன்று. எனக்கு அந்த 2007 சோதனையில் பிடித்த வரி வேறு. அழுத்தம் குறைந்தவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் குறியீடுகளை அளந்தபோது, அவை மாறவே இல்லை. அதாவது பலன் கிடைத்த இடத்தில்கூட, சீட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் காரணத்தால் அது கிடைத்ததாகத் தெரியவில்லை.

முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து என்று அண்மைக் காலத்தில் அடிபடும் பேச்சுக்கு மூலம், பிரிந்து பெருக மறுத்துத் தேங்கி நிற்கும் முதிய செல்களைத் தேர்ந்து அழிக்கும் முயற்சி. டாசாட்டினிப் என்னும் புற்றுநோய் மருந்தோடு குவெர்செடினைச் சேர்த்துக் கொடுத்து 2015இல் எலிகளில் தொடங்கி, 2019இல் நுரையீரல் தழும்பு நோயுள்ள 14 பேரிடம் முதல் முன்னோட்டச் சோதனை நடந்தது. பதினான்கு பேர், ஒப்பிட வேறு குழு கிடையாது, கூடவே வீரியமான வேறொரு மருந்து. இதை வைத்துத் தனிக் குவெர்செடின் புட்டியை இளமை என்று விற்பது துணிச்சல்தான்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உணவில் வரும் அளவுக்கு அஞ்ச ஒன்றுமில்லை. ஒரு பரிமாறலுக்கு 500 மில்லிகிராம் வரை உணவில் சேர்ப்பதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2011இல், குவெர்செடினுக்காகக் கோரப்பட்ட உடல்நலப் பெருமைகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மறுத்தது. இரண்டும் முரணில்லை: முன்னது தீங்கைப் பற்றியது, பின்னது பலனைப் பற்றியது. பல மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளையும், மருந்தைச் செல்லிலிருந்து வெளியே தள்ளும் புரதங்களையும் குவெர்செடின் பாதிக்கக்கூடும் என்பதால், தொடர் மருந்து எடுப்பவர்கள், குறிப்பாக உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் அதிக அளவு மாத்திரையைத் தொடக்கூடாது. என்னிடம் மாத்திரை வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு, வெங்காயத்தை மெல்லிய வெளியிதழோடு சேர்த்து உண்ணுங்கள், வேகவைத்தால் அந்த நீரைக் கொட்டாதீர்கள், ஆப்பிளைத் தோலோடு கடியுங்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. சூட்டில் இது எளிதில் அழியாது. நீரில்தான் கசிந்து போகும்.

சாயத்துக்குத் திரும்புகிறேன். வெங்காயச் சருகின் மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு, அது வெயில் தாங்காது. இதற்கு இணையான மஞ்சளைத் தரும் லூட்டியோலின் என்னும் சேர்மம் ஐரோப்பாவில் வெல்ட் என்ற செடியிலிருந்து நூற்றாண்டுகளாக எடுக்கப்பட்டு வந்தது. அது ஒளியில் இதைவிடப் பலமடங்கு நிலைத்து நிற்கும். இரண்டு மூலக்கூறுகளுக்கும் ஒரே வித்தியாசம், நடு வளையத்தின் மூன்றாம் இடத்தில் குவெர்செடினுக்கு ஒரு ஹைட்ராக்சில் இருக்கிறது, லூட்டியோலினுக்கு இல்லை. அந்த இடத்திலிருந்துதான் ஒளியும் ஆக்சிஜனும் மூலக்கூறைப் பிரிக்கத் தொடங்குகின்றன. ஓக் பட்டையிலும் ரூட்டினிலும் சர்க்கரை உட்கார்ந்திருப்பது இதே இடத்தில்தான்.

என் ஜன்னலில் போன ஆண்டு மாட்டிய பட்டுத் துண்டு ஒன்று இருக்கிறது. மடிப்புக்குள் மறைந்த பகுதியில் அந்தப் பொன்மஞ்சள் அப்படியே இருக்கிறது. வெயில் நேரே விழும் பக்கம் வெளிறி, பிறகு மெல்லப் பழுப்பேறி, இப்போது கிட்டத்தட்டச் சருகின் நிறத்துக்கே வந்துவிட்டது. அதை மாற்றுவதற்காக இந்த வாரம் மீண்டும் பையைத் திறந்தேன்; பட்டின் எடைக்கு இன்னும் ஒரு கைப்பிடிச் சருகு குறைகிறது.